தப்பு டீச்சரின் வீட்டுக்காரர்

என் மனைவிக்குக் கணக்கே தெரியாது என்று ஒரு சினிமா சொல்லிவிட்டது. தியேட்டரில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கொடுமை என்னவென்றால், முதல் அரை மணி நேரம் நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

யார் மேல் கோபப்படுவது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் சரியாகத் தெரியவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன், உங்களுக்காவது புரிகிறதா பாருங்கள்.

முதலில் அவளைப் பற்றி. இருபத்தாறு வருடமாக ஒரே பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டில் நான்கூட அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். ஊருக்கு அவள் 'தப்பு டீச்சர்'. தினமும் கரும்பலகையில் எழுதுகிற கணக்குகளுக்குள் ஒரே ஒரு தப்பை ஒளித்து வைப்பாள். பிள்ளைகள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்த பிள்ளைக்கு அவளுடைய நாற்காலி. மறுநாள் வகுப்பு முழுக்க அது கால் மேல் கால் போட்டு அங்கே உட்கார்ந்திருக்கும். இவள் எழுதாத நேரமெல்லாம் அந்தப் பிள்ளையின் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

இது ஆரம்பித்ததற்கு ஒரு கதை உண்டு. அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒன்பது பிள்ளைகள் இருந்தார்கள். எல்லா ஆசிரியர்களும் கை கழுவி விட்ட பிள்ளைகள். ஒருவன் எப்போதும் தூங்குவான். ஒருத்தி வாயை மூடவே மாட்டாள், அவளுக்கு 'வாயாடி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒருவன் கணக்கு நோட்டு முழுக்கப் பொம்மை போடுவான், அவன் பெயர் 'பொம்மை'. இருந்த கணக்கு வாத்தியார், இதுகளுக்குச் சொல்வதைச் சுவருக்குச் சொல்லலாம் என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். தலைமை ஆசிரியர் அந்த ஒன்பது பேரையும் இவள் தலையில் கட்டினார். மாடிப்படிக்குக் கீழே, கிழிந்த தேசப்படங்களும் கால் உடைந்த மேஜைகளும் போட்டு வைத்திருந்த அறையை வகுப்பு என்று கொடுத்தார். அந்த வருடம் ஒன்பது பேரும் கணக்கில் தேறினார்கள். மேலதிகாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, புதுமையான கற்பித்தல் முறை என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார். அதைச் சட்டம் போட்டு எங்கள் வீட்டு முன்னறையில் மாட்டியவன் நான்.

அந்த ஒன்பது பேரும் அவள் கைக்கு வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தபோதுதான் எங்களுக்குக் கல்யாணப் பேச்சு ஆரம்பித்தது. அவளுடைய அத்தை, நான் வேலை பார்க்கும் வக்கீலுக்குத் தெரிந்தவர். "பொண்ணு கணக்கு டீச்சர்" என்று அந்த அத்தை சொன்னதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கணக்கு எனக்கு ஜென்ம விரோதி. கணக்கில் இரண்டு தடவை கோட்டை விட்டதால்தான் வக்கீலாக வேண்டியவன் வக்கீலுக்குக் குமாஸ்தாவானேன். முதல் தடவை அவளோடு தனியாகப் பேசியபோதே சொல்லிவிட்டேன்: "எனக்குக் கணக்கு சுத்தமா வராதுங்க. வீட்டுல ஒருத்தருக்காவது வரட்டும்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கம் என்று நினைத்தேன்.

கல்யாணமான முதல் வாரம். நான் வேலை முடிந்து வருகிறேன். அவள் சாப்பாட்டு மேஜையில் புத்தகம், நோட்டு, பென்சில், அழிரப்பர் எல்லாம் பரப்பி வைத்துக்கொண்டு முகம் சிவக்க உட்கார்ந்திருக்கிறாள். கழுத்தில் ஒரு இஞ்சி டேப் வேறு தொங்குகிறது.

"என்ன பண்றே?" என்றேன்.

நோட்டைப் பார்த்தாள், பென்சிலைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "நாளைக்கு வகுப்புக்குத் தப்பு தயார் பண்றேன்."

எனக்கு அது எவ்வளவு பிடித்துப் போயிற்று என்று சொல்ல முடியாது. சரியாகப் போடத்தான் எனக்கு வராது. தப்பாகப் போடச் சொன்னால்? அதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. "நானும் ஒண்ணு சொல்லட்டுமா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து அது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. அவள் பக்கத்தைக் காட்டுவாள். நான் காதிலிருந்து பேனாவை எடுத்து, கண்ணை மூடி யோசித்து, "இந்த ஏழை ஒன்பதாக்கு", "இந்தக் கோட்டுக்கு மேல இருக்கறதைக் கீழ போடு" என்று ஏதாவது சொல்வேன். அவள் அப்படியே எழுதிக்கொள்வாள். மறுநாள் அலுவலகத்தில் போய், "என்னுடைய தப்பைத்தான் இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல நடத்துறாங்க" என்று மார்தட்டுவேன். இருபத்தாறு வருடம் தட்டினேன்.

ஒரு நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மைனஸ் மூன்றை மைனஸ் நாலால் பெருக்கி மைனஸ் பன்னிரண்டு என்று அவள் போட்டிருந்தாள். "அந்த மைனஸை அடிச்சிட்டு ப்ளஸ் போடு, ஒரு பயலும் கண்டுபிடிக்க மாட்டான்" என்றேன். மறுநாள் சாயங்காலம் வந்தவள் கைப்பையைக்கூட வைக்காமல் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. என்ன என்று கேட்டதற்கு, "உங்க தப்பு ரொம்ப நல்லா இருந்துதுங்க. ஒருத்தராலயும் கண்டுபிடிக்க முடியல" என்றாள். என் வாழ்க்கையில் யாரும் என்னை அவ்வளவு பாராட்டியதில்லை.

போன வாரம் ஒரு உறை வந்தது. உள்ளே சனிக்கிழமை மதியக் காட்சிக்கு இரண்டு டிக்கெட். கூட ஒரு சீட்டு: 'டீச்சருக்கும் சாருக்கும். என் முதல் படம். அவசியம் வரணும். பொம்மை.' சீட்டின் மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு குட்டிப் பொம்மை.

"பொம்மை டைரக்டர் ஆயிட்டானா!" என்று இவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. நான் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டேன்.

நகைச்சுவைப் படம். ஒரு தையல் டீச்சர். பள்ளிக்கூடத்தில் தையல் மெஷினெல்லாம் பழுதாகிச் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். சும்மா இருக்கிறவளுக்கு வேலை கொடுக்கிறேன் என்று, யாருக்கும் வேண்டாத ஒன்பது பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க அனுப்பிவிடுகிறார் தலைமை ஆசிரியர். அவளுக்கோ கூட்டல் கழித்தலைத் தாண்டினால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி. முதல் நாள் பலகையில் ஒரு கணக்குப் போடுகிறாள். "டீச்சர், அது தப்பு" என்கிறது பின்னாலிருந்து ஒரு குரல். டீச்சர் சாக்பீஸோடு அப்படியே நிற்கிறாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணலாம், ஆறு வினாடி. திரும்பி, "அப்பாடா, ஒருத்தராவது கண்டுபிடிச்சீங்களே! வேணும்னுதான் போட்டேன். வா, வந்து என் நாற்காலில உக்காரு" என்கிறாள். தியேட்டர் அதிர்ந்தது. நானும் தொடையைத் தட்டிச் சிரித்தேன். பக்கத்தில் இவள் சிரிக்கவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

அப்புறம் அந்த டீச்சரின் வீட்டுக்காரர் வந்தார். சாயங்காலமானால் மேஜை முன்னால் நீதிபதி மாதிரி உட்கார்ந்து, கண்ணை மூடி, மனைவிக்குத் தப்புகளைத் தானம் செய்கிறார். காதில் ஒரு பேனா. அடடா, என்ன அசடு என்று சிரித்துக்கொண்டே என் காதைச் சொறிந்தேன். கையில் பேனா தட்டுப்பட்டது.

சிரிப்பு அங்கே நின்றது.

மிச்சத்தை மென்று விழுங்கிக்கொண்டு பார்த்தேன். இடைவேளைக்கு முன்னால் ஒரு காட்சி. அந்த வீட்டுக்காரர் "இந்த மைனஸை ப்ளஸ் ஆக்கு, பயங்கரமான தப்பு" என்கிறார். உண்மையில் அதுதான் சரியான விடை, டீச்சர் போட்டிருந்ததுதான் தப்பு. இரண்டு பேருக்கும் அது தெரியாது. மறுநாள் ஒன்பது பிள்ளைகளும் முக்கால் மணி நேரம் இல்லாத தப்பைத் தேடுகிறார்கள். ஒருவன் பலகையைத் தலைகீழாக நின்று பார்க்கிறான். என் பின்வரிசையில் இருந்தவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. விளக்குப் போட்டார்கள். நான் இவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

"இது அவதூறு!" என்று வாசலில் நின்று கத்தினேன். "முதல் நாள்லயிருந்து கரைச்சுக் குடிச்ச கணக்கு டீச்சரை ஒண்ணும் தெரியாதவளாக் காட்டியிருக்கான். ஊட்டி வளர்த்த கையையே கடிச்சிட்டான் பாரு!"

"மீதியையும் பார்த்துட்டுப் போலாமே" என்றாள்.

"மீதியில என்ன இருக்கும்? மீதி அசிங்கம் இருக்கும்."

வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் அன்று சாயங்காலம் போன் செய்தாள். "அப்பா, கோவப்படாதீங்க. படத்துல உங்க கேரக்டர்தான் டாப்பு" என்றாள். எரிகிற நெருப்பில் எண்ணெய்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து வக்கீல் நோட்டீஸ் எழுதினேன். முப்பத்துநாலு வருடத்தில் நான் எழுதிய எதிலும் ஒரு தேதி மாறியதில்லை, ஒரு கால்புள்ளி விட்டதில்லை. இதை அதைவிடக் கவனமாக எழுதினேன். திங்கட்கிழமை வக்கீலிடம் நீட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். அவரும் படம் பார்த்துவிட்டார் என்பது அவர் உதட்டைக் கடித்துக்கொண்டதிலேயே தெரிந்தது.

"என்னய்யா, அவன் சொன்னது பொய்யாத்தானே இருக்கு?"

"பின்ன நிஜமாங்க?"

"அப்ப சரி. உங்க வீட்டம்மாகிட்ட ஒரு வரி எழுதி வாங்கிட்டு வாங்க. முதல் நாளிலிருந்தே எனக்குக் கணக்கு தெரியும்னு. கீழ கையெழுத்து. அது போதும், ஒரு வழி பண்ணிடலாம்."

அந்த வரியை நானே தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். இவள் எனக்கு முன்னாலேயே வந்து மேஜையில் உட்கார்ந்திருந்தாள். மேஜை மேல் புத்தகமும் இல்லை, நோட்டும் இல்லை.

அன்றைக்கு வகுப்பில் வழக்கம்போலத் தப்புப் போட்டிருக்கிறாள். ஒரு பெண் கண்டுபிடித்திருக்கிறாள். நாற்காலிக்கு வருவதற்கு முன்னால் அந்தப் பெண் கேட்டிருக்கிறாள்: "டீச்சர், இது தெரிஞ்சு போட்ட தப்பா, தெரியாம போட்ட தப்பா?" வகுப்பே கொல்லென்று சிரித்திருக்கிறது. எல்லோரும் படம் பார்த்தவர்கள்.

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலைங்க. வார்த்தையே வரல. நின்னுட்டே இருந்தேன். மணி அடிச்சிடுச்சு."

"விடு. இதுல ஒரு கையெழுத்துப் போடு. அவனை உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்."

காகிதத்தைப் படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள். எத்தனை ஆயிரம் மதிப்பெண் அட்டைகளில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டவள்! பேனாவைத் தொடவில்லை. காகிதத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டாள்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பொய் சொன்னவன் மேல் இவளுக்கு ஏன் கோபம் வரவில்லை? பழைய மாணவன் என்ற பாசமா? என் மேல்தான் கோபமா? செவ்வாய்க்கிழமை லீவு போட்டாள். இருபத்தாறு வருடத்தில் காய்ச்சலுக்குக்கூட லீவு போடாதவள். புதன்கிழமையும் லீவு. துணி அலமாரியை ஒழுங்கு பண்ணுகிறேன் என்று எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டு, பழையபடியே உள்ளே வைத்தாள். அன்று சாயங்காலம் என்னிடம் வந்து நின்றாள்.

"என்னங்க, எனக்கு ஒரு ராஜினாமாக் கடிதம் எழுதிக் குடுங்க. இந்த மாசக் கடைசியோட நின்னுக்கறேன்."

"இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கே!"

"அந்தப் பிள்ளைங்க முகத்தைப் பார்த்து இனிமே பலகையில எழுத வராது. ஒவ்வொரு தடவையும் அதே கேள்வியைத்தான் கேக்கும்ங்க."

"தெரிஞ்சுதான் போட்டேன்னு சொல்லிட்டுப் போயேன்! இதுல என்ன கஷ்டம்?"

அவள் திரும்பி அலமாரிப் பக்கம் போய்விட்டாள். எனக்கு வந்ததே கோபம். யார் மேல் என்று கேட்காதீர்கள். விறுவிறுவென்று கடிதத்தை எழுதி என் பைக்குள் வைத்தேன். உடனே கொடுக்க மனசு வரவில்லை. ஆக, பைக்குள் இரண்டு காகிதம். ஒன்று அவளுக்குக் கணக்கு தெரியும் என்று சொல்கிறது, இன்னொன்று இனிமேல் கணக்குச் சொல்லித்தர மாட்டாள் என்கிறது. இரண்டிலும் கையெழுத்து இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் வாயாடி வந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தெருவில் மருந்துக் கடை வைத்திருக்கிறாள், கடைக்கு வந்த பிள்ளைகள் சொல்லி லீவு விஷயம் தெரிந்திருக்கிறது. வயது நாற்பதை நெருங்கியும் அந்த வாய் மட்டும் அப்படியே இருந்தது. செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"என்ன டீச்சர், படம் பார்த்தீங்களா? கடைசியில அழுதீங்களா இல்லையா? நான் அழுத அழுகையில பக்கத்து சீட்டுக்காரர் கைக்குட்டை குடுத்தாரு. பொம்மை போன் பண்ணி, டீச்சர் ஒரு வார்த்தை கூடச் சொல்லலையேன்னு ஒரே புலம்பல்."

"கடைசியா? நாங்க இடைவேளையோட வந்துட்டோம்" என்றாள் இவள்.

வாயாடிக்கு வாய் அடைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என்னையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஐயையோ! படமே அதுக்கப்புறம்தானே!"

அப்புறம் அவள் சொன்னதைக் கோர்வையாகச் சொல்கிறேன், அவள் கோர்வையாகச் சொல்லவில்லை. இரண்டாவது நாளே அந்த ஒன்பது பேருக்கும் விஷயம் தெரிந்துவிட்டதாம். டீச்சருக்குக் கணக்கு வராது, தடுமாறுகிறார் என்று. ஆனால் அவர் யாரையும் அடிப்பதில்லை, மட்டம் தட்டுவதில்லை. இஞ்சி டேப்பையும் கத்தரிக்கோலையும் எடுத்து, ஒரு மீட்டர் துணியை மடித்து மடித்துக் கால், அரைக்கால் என்று காட்டுகிறார். தையல் டீச்சராக இருந்தவர், அது மட்டும் அவருக்கு அத்துப்படி. தப்பைக் கண்டுபிடித்தால் நாற்காலியைக் கொடுக்கிறார். இவரையும் துரத்திவிட்டால் அடுத்து யார் வருவாரோ என்று ஒன்பது பேரும் கூடிப் பேசியிருக்கிறார்கள். ஒருத்தரும் வெளியே மூச்சு விடக்கூடாது. டீச்சர் தடுமாறினால் சட்டென்று எடுத்துக் கொடுக்க ஒருத்தராவது பாடத்தை முன்கூட்டியே படித்துவிட்டு வர வேண்டும். முறை வைத்துப் படித்திருக்கிறார்கள். தூங்குமூஞ்சிக்கு வியாழக்கிழமை முறை.

"நாங்க படிக்கலைன்னா உங்க வேலை போயிடுமேன்னு பயந்து பயந்து படிச்சோம் டீச்சர். எங்க அம்மா எனக்கு ஏதோ வியாதின்னு நினைச்சாங்க. படத்துல ரெண்டாம் பாதி பூரா அதுதான். கடைசியில அந்த டீச்சர் எல்லாத்தையும் சரியாப் போடுவாங்க. இந்த ஒன்பதும் எந்திரிச்சு நின்னு, தப்பு எங்கன்னு தெரியலைன்னு முழிக்கும்ங்க. பொம்மை எழுதியிருக்கான் பாருங்க!"

இவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைக்கவும் இல்லை.

"இத்தனை வருஷம்" என்றாள். "இத்தனை வருஷம் நான் உங்களை ஏமாத்திட்டேன்னு நினைச்சு..."

"நாங்கதான் உங்களை ஏமாத்தினோம்" என்றாள் வாயாடி. பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "சார், 'இன்னைக்கு எங்க வீட்டுக்காரர் குடுத்த தப்பு'ன்னு டீச்சர் சொன்னா எங்களுக்கு ஒரே கொண்டாட்டம். உங்க தப்பு சின்னக் குழந்தைகூடக் கண்டுபிடிச்சிடும். அந்த மைனஸ் தவிர."

மருந்துக் கடைக்கு நேரமாகிவிட்டது என்று வாயாடி கிளம்பிப் போனாள். நான் என் மனைவியைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவளுக்குத் தெரியும். ஒன்பது பேருக்கும் தெரியும். இப்போது தியேட்டர் தியேட்டராக ஊருக்கே தெரியும். தெரியாத ஒரே ஆள், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தப்பு சொல்லிக்கொண்டிருந்த நான்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன். குரல் எனக்கே பரிதாபமாக இருந்தது.

"எப்படிங்க சொல்றது? கணக்கு டீச்சர்னு எங்க அத்தை சொன்னப்ப உங்க முகம் இருந்த இருப்பு! வீட்டுல ஒருத்தருக்காவது வரட்டும்னீங்க. சரி, ரெண்டு மாசத்துல வேற ஆள் போட்டுடுவாங்க, அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். போடவே இல்ல."

"அப்ப தினமும் மேஜையில நீ தப்பு தயார் பண்ணலையா?"

"மறுநாள் பாடத்தைப் படிச்சிட்டு இருந்தேன்."

"நான் சொன்ன தப்பெல்லாம்?"

அவள் நின்றாள். நான் மனசுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. சரியாக ஆறு.

"நீங்க சொல்ற தப்பு ஏன் தப்புன்னு கண்டுபிடிக்கறதுக்காகத்தாங்க நான் கணக்கே கத்துக்கிட்டேன்" என்றாள்.

கேட்க எவ்வளவு இதமாக இருந்தது! ஆனால் அந்த ஆறு வினாடியை நான் திரையில் பார்த்திருக்கிறேனே. இது உண்மையா, சமாளிப்பா? அவள் முகத்தையே பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

"பின்னாடிதான் உனக்கு நல்லா வந்துடுச்சே. எப்பலயிருந்து தெரிஞ்சு தப்புப் போட ஆரம்பிச்சே?"

"அதுதாங்க எனக்கே தெரியல. மூணாவது வருஷமா, நாலாவதா... ஒரு நாள்னு சொல்ல முடியல. திங்கட்கிழமை அந்தப் பொண்ணு கேட்டப்ப, அதைத்தான் யோசிச்சுட்டு நின்னேன்."

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, கதவைச் சாத்திக்கொண்டு எங்கேயாவது போய்விட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யத் தெரியாமல் பையைத் திறந்து, ராஜினாமாக் கடிதத்தை எடுத்து மேஜை மேல் போட்டேன்.

"இந்தா, கேட்டியே. கையெழுத்துப் போடு."

போட வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். வாயில் வந்தது அதுதான்.

அவள் உட்கார்ந்து கடிதத்தைப் பிரித்தாள். பழக்க தோஷம், கையில் சிவப்புப் பேனா. வரி வரியாகப் படித்துக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில் நின்றாள். சிவப்புப் பேனா மெதுவாக இறங்கி ஒரு வட்டம் போட்டது. காகிதத்தை என் பக்கம் திருப்பினாள். 'நவம்பர் 31 ஆம் தேதி முதல் என்னைப் பணியிலிருந்து விடுவிக்குமாறு' என்று என் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது.

நவம்பருக்கு முப்பதுதான்.

முப்பத்துநாலு வருடம். ஒரு தேதி மாறியதில்லை. ரத்தமெல்லாம் முகத்துக்கு ஏறியது.

"என்னங்க" என்றாள் அவள். "இது தெரிஞ்சு போட்ட தப்பா, தெரியாம போட்ட தப்பா?"

நான் விழித்தேன். எத்தனை வினாடி என்று எண்ணவில்லை, அவள் எண்ணியிருப்பாள்.

"அப்பாடா, கண்டுபிடிச்சிட்டியே" என்றேன். "வேணும்னுதான் போட்டேன். இல்லாத தேதியில நீ எப்படி நிக்க முடியும்?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். மாடிப்படிக்குக் கீழே அந்த ஒன்பது பேரும் அவளை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"அப்ப எந்திரிங்க. நாற்காலி எனக்கு."

எழுந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அந்தக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போனாள். எதற்கு என்று கேட்கப் பயமாக இருந்தது. அன்று அலுவலகத்தில் எனக்கு வேலையே ஓடவில்லை. ஒவ்வொரு தேதியையும் மூன்று தடவை சரிபார்த்தேன். சாயங்காலம் வந்து பார்த்தால், மேஜையில் புத்தகம், நோட்டு, பென்சில், அழிரப்பர் எல்லாம் பழையபடி பரப்பிக் கிடந்தன.

"கடிதத்தை என்ன பண்ணினே?"

"பலகையில ஒட்டினேன். இன்னைக்குத் தப்பு இதுலதான் இருக்கு, கண்டுபிடிங்கன்னேன். அதே பொண்ணுதான் ரெண்டே நிமிஷத்துல கண்டுபிடிச்சா. கண்டுபிடிச்சதும் அதே கேள்வியைக் கேட்டா, தெரிஞ்சு போட்டதா, தெரியாம போட்டதான்னு."

"நீ என்ன சொன்னே?"

"தெரியாம போட்டதுன்னு சொன்னேன். எங்க வீட்டுக்காரர் போட்டது, நான் வேலையை விட்டுடுவேனோங்கற கலக்கத்துல போட்டதுன்னு சொன்னேன்."

எனக்குச் சுருக்கென்றது. "நான்தான் வேணும்னு போட்டேன்னு சொன்னேனே!"

"ஆமா, சொன்னீங்க" என்றாள். "நான் போட்ட முதல் தப்பும் தெரியாம போட்டதுதான்னு அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன். யாரும் சிரிக்கலைங்க. அவ வந்து நாற்காலில உக்காந்தா, நான் பெஞ்சுல உக்காந்தேன். அப்புறம் பாடம் நடத்தினேன்."

நாளைக்கு மதியக் காட்சிக்கு இரண்டு டிக்கெட் வாங்கி வைத்திருக்கிறாளாம், இரண்டாம் பாதியைப் பார்க்க. நான் வரமாட்டேன் என்றேன். வருவேன் என்று அவளுக்குத் தெரியும்.

பிறகு நோட்டை என் பக்கம் திருப்பினாள். "திங்கட்கிழமைக்கு ஒண்ணு சொல்லுங்க."

நான் காதிலிருந்து பேனாவை எடுத்தேன். கண்ணை மூடி யோசித்தேன். இந்தத் தடவை நிஜமாகவே பயமாக இருந்தது. ஒரு எண்ணைக் காட்டி, இதை மாற்று என்றேன். அது தப்பா, சரியா என்று எனக்குத் தெரியாது. அவள் எழுதிக்கொண்டாள்.